சவுந்தரம் அக்காவின் ஓசிக் காவல்

எங்கள் புளோக்கில் யாருடைய கம்ப்யூட்டருக்காவது கிறுக்குப் பிடித்தால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஐந்தாம் மாடியின் கடைசி வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். சவுந்தரம் அக்கா கதவைத் திறக்கும்போதே காலில் செருப்பு இருக்கும். கழுத்தில் ஒரு நீல நாடா. அதில் புனித அன்னம்மாள் பதக்கமும் ஒரு பென்டிரைவும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொங்கும். படிக்கட்டில் அந்தக் கிணுகிணுப்பு கேட்டால் யார் வீட்டிலோ வைரஸ் என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்காவுக்கு அறுபது தாண்டி நாளாகிவிட்டது. ஆனால் 'ஆண்டி' என்று கூப்பிட்டால் காது கேட்காது. என் மகள் காமினிக்கும் அக்கா, எனக்கும் அக்கா, அவரைவிட மூத்தவரான கீழ்வீட்டு ஜபருல்லாவுக்கும் அக்கா. வேலைக்கு இவர் காசு வாங்குவதில்லை. ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த இரண்டாவது கூலியைக் கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் எங்கள் புளோக்கில் நிறையப் பேர்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் அவர் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். பிறகு கம்பெனிக்காரர்கள் அந்த டெலிபோன் இணைப்புப் பலகையைக் கழற்றிவிட்டு, தானாகப் பேசும் ஒரு மெஷினை வைத்தார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் கொடுத்து உட்காரவைத்தார்கள். முதல் வாரமே திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று துடித்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே அழுத்துங்கள் என்றது. அக்கா பொறுப்பான மனுஷி, அழுத்தினார். ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிட்டது. மேனேஜர் திட்டவில்லை, சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து, கம்ப்யூட்டருக்குள் புகுந்து உளவு பார்க்கும் ஸ்பைவேர் என்றால் அவருக்குச் சொந்தப் பகை.

இலவசமாகக் கிடைக்கும் ஸ்பைவேர் ஒழிப்புக் கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மூன்றை மட்டும் பென்டிரைவில் வைத்திருக்கிறார். அவற்றின் ஆங்கிலப் பெயர்களை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. படத்தை வைத்துத்தான் சொல்வார். ஒன்று நாய், ஒன்று துடைப்பம், ஒன்று கேடயம். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும், "முதல்ல நாயை அவுத்து வுடுவோம்" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடியிருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பிலேயே கைதேர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒன்றுக்கு மூன்றாகக் காவல் இருந்தால் நல்லதுதானே என்று ஜபருல்லாவின் சாப்பாட்டுக் கடைக் கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாகக் குடிவைத்துவிட்டு வந்தார். நாய் கேடயத்தைத் திருடன் என்றது. கேடயம் துடைப்பத்தைப் பிடித்து உள்ளே போட்டது. துடைப்பம் வெளியே வந்த வேகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கியது. அதில் ஜபருல்லா ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த பழைய பாட்டெல்லாம் போய், ஒரே ஒரு பாட்டு மட்டும் தப்பியது. இப்போதும் அந்தக் கடையில் அது ஒன்றுதான் ஓடுகிறது. "அக்கா வந்துட்டுப் போன பெறவு நம்ம கடையில வைரஸும் இல்ல, பாட்டும் இல்ல" என்று மீன் தலைக் கறியை ஊற்றிக்கொண்டே சொல்வார்.

அக்கா அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். எங்கள் ஊரில் காவல்காரரை ஜாகா என்போம். "ஒரு வாசலுக்கு ஒரு ஜாகாதான் லா. ரெண்டு பேரை நிக்க வெச்சா திருடனை வுட்டுட்டு ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுப்பான். மத்தவன் எல்லாம் வந்து பார்த்துட்டுப் போயிரணும்." இது முதல் விதி. இரண்டாவது விதி, "ஜாகாவை நாமதான் தேடிப் போய்க் கூட்டிட்டு வரணும். தானா கதவைத் தட்டி, நான் காவல் காக்குறேன்னு சொல்றவனை உள்ள வுடாதீங்க."

நாய் வீடு முழுவதும் மோந்து முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அக்கா நாற்காலியை விட்டு அசைய மாட்டார். ஆப்பரேட்டர் பலகையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவருடைய பழைய பழக்கம். வந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போனால் மரியாதையாக இருக்காது என்பது நம்முடைய பழக்கம். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்து, வீட்டுக்காரர்களை அந்த ஒரு மணி நேரமும் கட்டிப்போட்டுவிடும். அக்கா பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார். "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு மயங்கி ஆட்கள் கொழுந்தியாள் சண்டையிலிருந்து கருப்பைக் கட்டி வரைக்கும் கொட்டிவிடுவார்கள். அப்புறம் அக்கா போனதும், கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள் கிழவி என்று புலம்புவார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தது வெளியே வந்ததே இல்லை. நானே பலமுறை மூன்றாம் மாடிக்காரி விஷயத்தை மெல்ல இழுத்துப் பார்த்திருக்கிறேன். "லைன்ல கேட்டது லைனோட போச்சும்மா" என்று முடித்துவிடுவார். எனக்கு அது பிடிக்காது. இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு ஒன்றுகூடச் சொல்லாமல் இருப்பது ஒரு மாதிரியான கஞ்சத்தனம்.

அவர் சொந்தக் கம்ப்யூட்டர்தான் புளோக்கிலேயே சுத்தமானது. அதில் உளவு பார்க்க ஒன்றும் கிடையாது. மகன் பிரையன் பெர்த்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவன் முகம் அதில் கொஞ்ச நேரம் தெரியும். மற்றபடி சும்மா கிடக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் கணவர் குணாளன் வேலை செய்யும் தொழிற்சாலையை எங்கள் தீவிலிருந்து, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்து காவானுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பாலம் தாண்டிப் போய், பாலம் தாண்டி வந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல் சோற்றில் கை வைத்தபடி தூங்குவார். எங்களுக்கு இரண்டே அறை. ஒன்றில் நாங்கள், ஒன்றில் மாமனார், கூடத்தில் கம்ப்யூட்டரோடு காமினி. வக்கீல் ஆபீஸில் ஊரார் வாங்கும் வீட்டுக்கெல்லாம் நாள் முழுக்கப் பத்திரம் தட்டச்சு செய்கிற எனக்கு, சொந்தமாக ஒரு தரை வீடு வேண்டும் என்ற ஆசை வந்ததில் தப்பில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒன்று பார்த்தோம். கீழேயே ஒரு அறை, பக்கத்திலேயே குளியலறை. மாமா மாடிப்படி ஏறவே வேண்டாம். அந்த அறைக்காகத்தான் அந்த வீடே எனக்குப் பிடித்தது.

ஆனால் முனுசாமி மாமா பாலத்துக்கு அந்தப் பக்கம் மனுஷன் வாழ்கிறான் என்பதையே ஒப்புக்கொள்ளாதவர். வேடிக்கை என்னவென்றால் அவர் காலமெல்லாம் வேலை செய்ததே அந்தப் பக்கம்தான். சவுந்தரம் அக்கா இருந்த அதே ஏஜென்சியின் பட்டர்வொர்த் கிடங்கில், காலையில் ஃபெரி ஏறிப் போய் சாயங்காலம் ஃபெரி ஏறி வந்தவர். கேட்டால், "வேலைக்குப் போகலாம், குடியிருக்கக் கூடாது" என்பார். அவர் தம்பி அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரில் வீடு வாங்கியபோது, ஏதோ ஜெயிலுக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பொணம்கூட அந்தப் பாலத்தைத் தாண்டாது" என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

மாமா வராவிட்டால் குணாளன் வரமாட்டார். அப்பாவைத் தனியே விடுகிற ஆளில்லை அவர். அப்படி விடுகிறவராக இருந்தால் நானும் அவரைக் கட்டியிருக்க மாட்டேன். ஆக, மாமா தலையாட்டினால்தான் வீடு. பேங்க்கில் கடனுக்கு ஓகே சொன்ன பிறகு, நல்ல நாளாகப் பார்த்து, அவருக்குப் பிடித்த நண்டுக் கறியும் வைத்து, பக்குவமாகச் சொல்லலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். காரியம் கைகூடும் முன்னால் வாயை விட்டால் கண் பட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் சாவி கைக்கு வராமல் வீட்டைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டோம். நான் ராத்திரிச் சமையல் முடிந்ததும் கம்ப்யூட்டரில் அந்த வீட்டின் படத்தைத் திறந்து, திரைச்சீலை என்ன நிறம் போடலாம் என்று மனசுக்குள்ளேயே சண்டை போட்டுவிட்டு மூடிவிடுவேன். மூடினால் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மாமா கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"பிரமிளா, இங்க வா. இந்தக் கம்ப்யூட்டருக்கு என்னா வந்துச்சு? நான் ராசிபலன் பார்த்தா, சிம்பாங் அம்பாட்டுல வீடு வேணுமான்னு கேக்குது."

எட்டிப் பார்த்தேன். விருச்சிக ராசிக்குப் பக்கத்தில் எங்கள் வீடேதான். அதே வாசல், அதே கம்பிக் கதவு. எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

"அது ஸ்பைவேர் மாமா. வெளியில இருந்து எவனோ உள்ள பூந்து இதெல்லாம் போடுறான். கண்டுக்காதீங்க."

"எவனோன்னா? சிம்பாங் அம்பாட்காரனா?"

"எவனாச்சும் இருப்பான் மாமா."

"அந்தப் பக்கத்து ஆளுங்க அப்படித்தான்" என்றார் மாமா. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கலக்கியது. நான் சமையல் குறிப்பு தேடினால் ஓரத்தில் கைத்தடி விளம்பரம் வந்தது. காமினியின் பள்ளிப் பாடத்துக்குப் படம் தேடினால் முழங்கால் பட்டை வந்தது. அப்புறம் குளியலறையில் பிடித்துக்கொள்ளும் கம்பி. கடைசியாக ஒரு முதியோர் இல்லம். புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். உங்கள் பெற்றோரை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைப் பார்த்தால் மாமனாரைக் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறவள் மாதிரியா இருக்கிறது? ஒரு கம்ப்யூட்டர் என்னைப் பற்றி இப்படியா நினைப்பது?

குணாளனைக் கேட்டேன். "எனக்கு எங்க நேரம் இருக்கு, நான் அதைத் தொட்டே ரொம்ப நாளாச்சு" என்றார். அது உண்மை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. மாமாவிடம் பொய்க்குச் சொன்ன ஸ்பைவேர் நிஜமாகவே வந்துவிட்டது. கடவுள் இவ்வளவு சீக்கிரமா கணக்குத் தீர்ப்பார் என்று சாமி மேடையைப் பார்த்து முறைத்தேன்.

இதற்கு நடுவில் மாமாவும் சும்மா இருக்கவில்லை. மருமகள் கவலைப்படுகிறாளே என்று, திரையில் துடித்த ஒரு சிவப்புக் கட்டத்தை அழுத்தி, 'உளவாளிகளை இலவசமாக ஒழிக்கிறோம்' என்ற எதையோ இறக்கிவைத்துவிட்டார். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் நகரவே இல்லை. எங்கே தொட்டாலும் காசு கட்டு, இல்லாவிட்டால் உன் கதை முடிந்தது என்று மிரட்டியது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சவுந்தரம் அக்காவைக் கூட்டி வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் படிக்கட்டில் கிணுகிணு சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். மாமா இடப்பக்கம் உட்கார்ந்தார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரமிளா, தேத்தண்ணி போடலையா?"

"போடுறேன்க்கா, கொஞ்சம் பார்த்துட்டு."

"முனுசாமி அண்ணே, நீங்க சனிக்கிழமைன்னா இந்நேரம் ஜபருல்லா கடையில இருப்பீங்களே."

"இன்னைக்குப் பசி இல்ல சவுந்தரம்."

அக்கா "ம்ம்" என்றார். வழக்கமாக அந்த "ம்ம்"முக்கு நான் வாயைத் திறந்துவிடுவேன். அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவும் சுவரில் இருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் குணாளன் எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கினார். அது எப்படி இருந்தது என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

முதல் காரியமாக மாமா இறக்கிவைத்ததைப் பிடுங்கி எறிந்தார். "இது போலீஸ் சட்டை போட்ட திருடன் அண்ணே. இதைத்தான் நான் அன்னைக்கு ஆபீஸ்ல அழுத்துனேன். இருபது வருசமாச்சு, இன்னும் அதே சிவப்புக் கட்டம்தான் வெச்சிருக்கானுங்க." அதற்குப் பிறகு நாயை அவிழ்த்துவிட்டார். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு அமைதி நிலவி நான் பார்த்ததில்லை. மாமா இரண்டு முறை எழுந்து, நான் எழுந்திருக்கவில்லை என்று கண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

கோடு முடிந்தது. திரையில் நீளமாக என்னென்னவோ பெயர்கள் வந்து நின்றன. அக்கா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். படிக்கப் படிக்க அவர் "ம்ம்" சொல்வதை நிறுத்திவிட்டார். 

"ஸ்பை எத்தனை பேரு சவுந்தரம்?" என்று மாமா கேட்டார்.

"ஸ்பை யாரும் இல்ல அண்ணே."

"இல்லாமயா இத்தனை பேரு எழுதியிருக்கு?"

"இதெல்லாம் ஒட்டுச் சீட்டு. நீங்க ஒரு கடைக்குள்ள போய்ப் பார்க்குறீங்கன்னு வைங்க. ஒண்ணும் வாங்காம வெளிய வர்றீங்க. கடைக்காரன் உங்களுக்குத் தெரியாம முதுகுல ஒரு சீட்டு ஒட்டி அனுப்புறான், இவரு இன்னதைப் பார்த்தாருன்னு. அப்புறம் நீங்க எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்க இருக்கிறவன் அந்தச் சீட்டைப் படிச்சுட்டு, வாங்க வாங்க உங்களுக்கு வேண்டியது எங்கிட்ட இருக்குன்னு கூப்பிடுவான். ஒரே கம்ப்யூட்டரை நாலு பேரு பொழங்கினா நாலு பேருக்கும் ஒரே முதுகுதான்."

மாமா தன் முதுகைத் தடவிப் பார்த்தார். "அப்ப, நாம போகாத கடைக்காரன் நம்மளைக் கூப்பிட மாட்டானா?"

"மாட்டான் அண்ணே."

மாமா என்னைப் பார்த்தார். சிம்பாங் அம்பாட் கடைக்கு யார் போனது என்று அவருக்கு விளங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்தேன். குனிந்த தலைக்குள் இன்னொன்று மெதுவாக வந்து உட்கார்ந்தது. கைத்தடி. முழங்கால் பட்டை. புல்வெளியில் சிரிக்கும் பாட்டி. அந்தக் கடைக்கு நான் போகவில்லை. குணாளன் போகவில்லை. காமினி போயிருக்க மாட்டாள். நான் தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தேன். அவர் மறுபடி காலண்டருக்குப் போய்விட்டார்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவர் பென்டிரைவைக் கழற்றி நாடாவில் மாட்டிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. சம்பந்தமே இல்லாமல் ஏதோ பழைய கதையை எடுத்தார்.

"அண்ணே, குணாளன் பொறந்த அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா?"

"அதை எதுக்கு இப்ப எடுக்குற?"

"நீங்க பட்டர்வொர்த் கிடங்குல இருந்து உங்க வீட்டுக்குக் கீழ இருந்த மளிகைக் கடைக்குப் போன் போடச் சொன்னீங்க. எங்கேஜ்டு. மறுபடி போடச் சொன்னீங்க. மறுபடியும் எங்கேஜ்டு. என்னாத்தப் பலகை பார்க்குறேன்னு என்னைத் திட்டினீங்க. அந்தப் பக்கம் உங்க சம்சாரம் அதே மளிகைக் கடையில நின்னு கிடங்குக்குப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கும் எங்கேஜ்டு. அதுவும் என்னைத் திட்டுச்சு, வலியோட. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் எங்கேஜ்டுதான் வரும். நான் என்ன சொன்னேன்?"

மாமா காலண்டரை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். "என்னைப் போனை வைக்கச் சொன்ன" என்றார்.

"வெச்சீங்க. உடனே அவங்க லைன் வந்துச்சு. அடுத்த ஃபெரியில நீங்க கெளம்பிட்டீங்க." அக்கா எழுந்து நின்றார். "எல்லாத்தையும் தொடச்சுரவான்னு இங்க கேக்குது பாருங்க. நான் தொடைக்கலை. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து படிச்சுட்டுத் தொடைங்க. யாராச்சும் ஒருத்தர் போனை வைங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கிணுகிணு சத்தம் மேலே ஏறி நின்றது.

"மாமா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க வீடு பார்க்குறது எனக்குத் தெரியும்மா. நீ பால்கனியில நின்னு ஏஜென்ட்கிட்ட பேசுறது என் அறையில நல்லா கேக்கும். நான்தான் வர மாட்டேன்னு சொல்லிட்டேனே. சின்னப் பிள்ளைங்க, போய் நல்லா இருக்கட்டும்னு, எனக்கு இங்கயே ஒரு எடம் இருக்கான்னு பார்த்தேன். ஒரு எடத்துக்குப் போன்கூடப் போட்டேன். சனிக்கிழமை மீன் கறி போடுறாங்களாம்."

அவர் மீன் கறி என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒரே குழாயில்தான் வரும். "யாரு மாமா உங்களை அனுப்புறது? நாங்க கேட்டோமா? கீழ ரூம் இருக்குன்னுதானே அந்த வீட்டையே பார்த்தேன்? நீங்க வரலைன்னா அந்த வீட்டுக்கு யாரும் போகப்போறது இல்ல. உங்க மகன் ஒரு அடி எடுத்து வைப்பாரா? நீங்க பாட்டுக்கு மீன் கறி விசாரிக்கிறீங்க."

குணாளன் அடுப்படி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.  

நான் வீட்டுப் படத்தைத் திறந்து காட்டினேன். மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். கீழறையின் மேல் நான் விரலை வைத்தேன்.

"இதுவா?"

"இதுதான் மாமா."

"ஜன்னல்ல கடல் தெரியுமா?"

"தெரியாது மாமா."

அவர் திரையிலிருந்து தலையை எடுத்தார். "பட்டர்வொர்த் கிடங்குலயும் தெரியாது" என்றார். "கன்டெய்னர்தான் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மீன் கறிக்காரனை மொதல்ல தொடை. அவன் சும்மா வந்து வந்து கூப்பிடுறான்."

பேங்க்கில் ஓகே சொல்வதற்கு முன்பே புளோக் முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் சவுந்தரம் அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன். அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஜபருல்லா கடைக்குப் போனால், அந்த ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மாமா நடு மேசையில் உட்கார்ந்து கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "சிம்பாங் அம்பாட்டுல காத்து நல்லா இருக்கும். கீழயே ரூம். இந்தத் தீவுல மனுசன் இருப்பானா? கார் நிறுத்த எடம் இருக்கா இங்க?" கண் படும், சாவி வரட்டும் என்று நான் சைகை காட்டியதை அவர் பார்க்கவே இல்லை. நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறிப் போய், காரணம் சொல்லாமல் அக்காவுக்கு ஒரு கிண்ணம் நண்டுக் கறி கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் காரணம் கேட்கவில்லை.

நல்லபடியாகக் குடிவந்துவிட்டோம். மாமா பாலத்தைத் தாண்டும்போது கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். உயிரோடுதான் தாண்டினார். அதைக் குணாளன் சொல்லிக் காட்ட, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாதத்துக்கு ஒருமுறை குணாளன் போய்ச் சவுந்தரம் அக்காவைக் காரில் கூட்டி வருவார். "தூரம் போனாலும் நாய்க்கு வேலை இருக்கும்மா" என்பார் அக்கா. உண்மையில் எங்கள் கம்ப்யூட்டரில் நாய்க்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஆகும், தேத்தண்ணி ஆகும், பேச்சு ஆகும், சாயங்காலம் ஆகும். போன தடவை வந்தபோது, புளோக்கில் இப்போதெல்லாம் யாரும் கதவைத் தட்டுவதில்லை என்றார். எல்லாரும் கைப்போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்களாம், வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒன்று யாரிடமும் இல்லையாம். பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. "சரி, நாய்க்கு அப்டேட் இருக்கான்னு பார்க்குறேன்" என்று எங்களை எழுப்பி அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் சமையல் குறிப்பு பார்க்க உட்கார்ந்தேன். மோர்க் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்தது. சிம்பாங் அம்பாட்டில் வாடகைக்கு ஓர் அறை, தனியாக இருக்கும் பெண்களுக்கு. அதைத் தள்ளிவிட்டுக் கீழே போனேன். இன்னொன்று. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, கீழ்த்தளம்.

எங்கள் வீட்டில் அறை தேடுகிறவர் யாரும் இல்லை. இந்தத் தடவை நான் வைரஸ் என்று நினைக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் பழைய பெட்டிகளைப் போட்டுவைத்திருக்கிற சின்ன அறை இருக்கிறது. மாமாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, எழுந்து போய் அந்த அறையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்த ஆரம்பித்தார்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டாக இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் எங்கேஜ்டு. பிரையன் கூப்பிடுகிற நாளும் இல்லை அது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது.

போனை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே மணி அடித்தது.